பன்னிரு அப்போஸ்தலர் பாறைத் தூண்கள்: கோவையிலிருந்து போகிறவர்கள் ஓர் இரவு அங்கே தங்குங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியக் குழுச் சுற்றுலாவில், மெல்போர்னிலிருந்து காலையில் கிளம்பி, கடலுக்குள் தூண்களாக நிற்கும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளைக் காட்டிவிட்டு அன்று இரவே திரும்பிவிடும் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அதே நிறுவனம் கூடுதல் கட்டணத்துக்கு, பாறைகளுக்கு அருகிலுள்ள போர்ட் கேம்பெல் என்ற ஊரில் ஓர் இரவு தங்கவும் ஏற்பாடு செய்து தருகிறது. விளம்பரத் தாளில் அதைப் போடவில்லை. கேட்டால்தான் சொல்கிறார்கள். கட்டாயம் கேளுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் கேட்டு வாங்கினோம். முதல் நாள் மதியம் பஸ் கூட்டத்தோடும், மறுநாள் காலையில் நிதானமாகவும் அதே கரையைப் பார்த்தோம். இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது.

நிறுவனம் கோவையில் இருக்கிறது. பெயரை நான் எழுதவில்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் நம் பக்கத்துக்காரர்கள்: பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவர்கள், பல்லடத்து விசைத்தறிக்காரர்கள், கோபியிலிருந்து இரண்டு தம்பதிகள், உடுமலை, காங்கேயம், அவிநாசி. பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். தலைக்கு நாலரை லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தோம். சிங்கப்பூர் வழியாகப் பயணம். சிட்னியைப் பற்றி எழுத ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் எனக்குச் சொல்லும்படியாகக் குறையும் இல்லை. நான் எழுத நினைப்பது இந்தக் கடற்கரையைப் பற்றி மட்டும்.

அதற்குக் காரணம் உண்டு. கோவை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடல் அலையின் அரிப்பு பற்றிய பாடம் ஆண்டுதோறும் வரும். கடல் ஓங்கல் (கடலோரம் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்), அலை அரிமேடை (அதன் அடியில் அலை அரித்த தட்டையான பாறைத் தளம்), கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று கரும்பலகையில் வரிசையாக வரைவேன். கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. என் வகுப்பில் பல பிள்ளைகள் கடலையே பார்த்திராதவர்கள். தூண் என்றால் எப்படி நிற்கும் என்று கேட்பவர்களுக்கு, கோத்தகிரிக்கு அப்பால் கோடநாட்டுக் காட்சிமுனையிலிருந்து தெரிகிறதே, ரங்கசாமித் தூண், அதை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் காலைச் சுற்றிக் காட்டுக்குப் பதிலாகக் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நானும் நிஜத்தில் ஒரு கடல் தூணைப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரரோ மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பாறை எங்கே விரிசல் விட்டிருக்கிறது, எந்தப் பக்கம் சரியும் என்று பார்த்துப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். போர்ட் கேம்பெல்லில் நிற்பதும் சுண்ணாம்புக்கல்தான் என்று நான் சொன்ன பிறகுதான் அவர் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார்.

ஏப்ரல் கடைசியில் போனோம். நமக்குக் கத்திரி வெயில் தொடங்கும் நேரம். அங்கே இலையுதிர் காலம், நல்ல குளிர். ஹோட்டலிலிருந்து விடிகாலையில் பஸ் கிளம்பியது. டார்கி என்ற ஊரைத் தாண்டியதும் கிரேட் ஓஷன் ரோடு தொடங்குகிறது. சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆஸ்திரேலியப் படைவீரர்கள் போட்டது. 1919-இல் தொடங்கி 1932-இல் முடித்திருக்கிறார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்துமாக, ஏறக்குறைய மூவாயிரம் பேர் மலைச்சரிவைக் குடைந்திருக்கிறார்கள். போரில் இறந்த தங்கள் தோழர்களுக்கான நினைவுச் சின்னம் என்று இந்தச் சாலையையே அவர்கள் அர்ப்பணித்தார்கள். வழியில் மரத்தாலான நினைவு வளைவு ஒன்று சாலையின் குறுக்கே நிற்கிறது. அங்கே பஸ்ஸை நிறுத்தினார்கள். எங்கள் குழு மேலாளரான உடுமலைத் தம்பி இந்த வரலாற்றை அழகாக, அலட்டல் இல்லாமல் சொன்னார். குழுவில் ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர் ஒருவர் இருந்தார். அந்த வளைவுக்குக் கீழே விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். யாரும் கேட்டுச் செய்யவில்லை. அந்த நிறுத்தத்துக்காக நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

அடுத்த நிறுத்தத்துக்குப் போட முடியாது. ஒரு சாக்லேட் கடை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் அங்கேயே போயிற்று. வாங்க விரும்புகிறவர்கள் வாங்கட்டும். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் செலவான நேரத்தைப் பாறைகளிடம் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஆங்காங்கே கடலோரத்தில் படம் எடுக்க நிறுத்தினார்கள். மதியச் சாப்பாடு அப்பல்லோ பே கடற்கரைப் புல்வெளியில். நிறுவனம் கூடவே அழைத்து வந்த சமையல்காரர் அதிகாலையிலேயே எழுந்து அரிசிம்பருப்புச் சாதம் செய்து, சூடு தாங்கும் பாத்திரத்தில் கட்டி எடுத்து வந்திருந்தார். நெய்யும் வடகமும் தயிரும் இருந்தன. பதினோராயிரம் ரூபாய் கொடுத்தாலும் அந்தக் கடற்கரையில் அந்தச் சாப்பாடு கிடைக்காது. பவானிக்காரரான அந்தச் சமையல்காரரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகக் கொள்ளுப் பருப்பும் கீரையும் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்று. ஊரிலிருந்து பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு எதை எடுத்துப் போனாலும் விமானத்தில் தரும் நுழைவுப் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டு அனுமதிக்கிறார்கள், அல்லது எடுத்துக்கொள்கிறார்கள். மறைத்தால் அபராதம் போடுவார்கள்.

அப்பல்லோ பேயைத் தாண்டினால் சாலை கடலை விட்டு விலகி ஆட்வே காட்டுக்குள் நுழைகிறது. மரங்கள் அடர்ந்த மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது வயிற்றைப் புரட்டுகிறவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பஸ்ஸில் அவிநாசி அக்கா மிகவும் சிரமப்பட்டார். இந்தப் பாதை இப்படி இருக்கும் என்று சாப்பாட்டுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. நாற்பது நிமிடத்தில் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக நடக்க வேண்டும். அதற்கு முன் கழிப்பறை வரிசை. எங்கள் வயதுக்காரர்கள் அதை முடித்து வெளியே வருவதற்கே பதினைந்து நிமிடம் போயிற்று. காட்சி மேடையில் அப்போது எத்தனையோ பஸ்களிலிருந்து இறங்கியவர்கள். கம்பி ஓரத்தில் நிற்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடுக்கில் எட்டிப் பார்த்தேன். உச்சி வெயில் சற்றே சாய்ந்த அந்த நேரத்தில் கடலும் பாறையும் வெளுத்துப்போய்த் தெரிந்தன. பெரியவைதான், அழகானவைதான். ஆனால் குழுவில் பலரும் சொன்னது: "இதற்காகவா இவ்வளவு தூரம்?" கோபிக்காரர் ஒருவர், இதைவிட நம்ம ஊதியூர் மலை அம்சமாக இருக்கும் என்றே சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த நாற்பது நிமிடத்தில் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஹெலிகாப்டரில் சுற்றிக் காட்டுகிறார்கள். தலைக்கு நூறு ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நாற்பது நிமிடத்தில் அதற்கும் நேரம் இல்லை.

மூன்று மணிக்குப் பஸ் கிளம்பியது. தங்குவதற்குப் பணம் கட்டிய நாங்கள் நான்கு குடும்பம் மட்டும் நின்றுகொண்டோம். எங்களை அழைத்துப் போக ஒரு வேன் வந்தது. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர், அந்தப் பகுதியிலேயே நீண்ட காலமாகக் குடியிருப்பவர். என்னை அக்கா என்றும் வீட்டுக்காரரை ஐயா என்றும் கூப்பிட்டார். போர்ட் கேம்பெல்லில் தங்கும் விடுதி எளிமையானது. படுக்கை சுத்தம், வெந்நீர் உண்டு, அறையிலேயே தேநீர் போட்டுக்கொள்ள வசதி உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குச் சமையல்காரர் எங்களுக்கெனச் சப்பாத்தியும் குருமாவும் தனியாகக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஊர் மிகச் சிறியது. கடைகள் சீக்கிரம் மூடிவிடுகின்றன. மருந்து மாத்திரை தேவைப்படுகிறவர்கள் மெல்போர்னிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மாலை ஐந்து மணிக்கு ஓட்டுநர் மறுபடியும் காட்சி மேடைக்கே அழைத்துப் போனார். பஸ்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஏப்ரல் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மேற்கே பார்த்தால் தூண்கள் கறுத்த உருவங்களாகத் தெரிந்தன. கிழக்கே திரும்பினால் அங்கே தனியாக நிற்கும் இரண்டு தூண்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன. இருட்டிய பிறகு சின்னஞ்சிறு பெங்குயின்கள் கடலிலிருந்து கரையேறும் இடமும் இதுதான். மேடை மிக உயரத்தில் இருப்பதால் பைனாகுலர் இல்லாமல் பார்க்க முடியாது. எங்களிடம் இல்லை, ஓட்டுநர் தன்னுடையதைக் கொடுத்தார்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஓட்டுக் கூரையைப் பிய்க்கிற காற்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த எங்களுக்கே அந்த மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அங்கிருந்து தெற்கே அண்டார்டிகா வரைக்கும் நடுவில் நிலமே கிடையாது. அந்தக் கடல் முழுக்க ஓடி வந்த அலை, முதன்முதலாக மோதுகிற சுவர் இந்தக் கரைதான். சேலைக்கு மேல் வெறும் ஸ்வெட்டர் போதாது. காற்றுப் புகாத மேலாடையும் காதை மூடும் குல்லாயும் வேண்டும். நிறுவனம் கொடுத்த சாமான் பட்டியலில் குடையைப் போட்டிருந்தார்கள். அந்தக் காற்றில் குடை விரிக்க முடியாது. அதை நீக்கிவிட்டு மேலாடையைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலைதான் இந்தப் பயணத்தின் உயிர். முதலில் கிப்சன் படிகளுக்குப் போனோம். ஓங்கலின் முகத்தில் வெட்டிய 86 படிகள், நேராகக் கடற்கரை மணலில் கொண்டு இறக்குகின்றன. கடல் கொந்தளித்தால் மூடிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. மேலே மேடையிலிருந்து பார்க்கும்போது கைக்கு அடக்கமாகத் தெரிந்த தூண்கள், கீழே நின்றால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியவை ஆகிவிட்டன. மாலையில் மஞ்சளாக ஒளிர்ந்தவை இவைதாம். காக், மேகாக் என்று பெயர்கள். ஒவ்வோர் அலையும் அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளையாக எழுந்து விழுகிறது. அடிப்பாகம் உள்வாங்கி, மேற்பகுதி பருத்து நிற்கிறது. நீருக்குச் சற்று மேலே அலை வெட்டிய அந்தக் காடி எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பது கீழே இறங்கியவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்காரர் தூண்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராகப் பின்னால் இருந்த ஓங்கலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் அருகில் போகப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மிணி, அங்கே போக வேண்டாம். மேலே பார். அந்த இடம் மட்டும் வெளிர் மஞ்சளாகத் தெரிகிறதா? சுற்றிலும் கறுத்துக் கிடக்கிறது. அது அண்மையில் பெயர்ந்து விழுந்த தழும்பு. அதற்கு மேலே இருப்பது தொங்கிக்கொண்டிருக்கிறது."

எச்சரிக்கைப் பலகையும் அதைத்தான் சொல்கிறது: ஓங்கலின் அடியில் நிற்காதீர்கள். ஆனால் படம் எடுக்க வந்த இளைஞர்கள் அங்கேதான் போய்ச் சாய்ந்து நின்றார்கள். வீட்டுக்காரர் போய், சைகையிலேயே மேலே காட்டி, அவர்களை நகர்த்திவிட்டு வந்தார்.

தண்ணீர் ஓரமாக மணலில் கிடந்த ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவு. கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். ஓரம் பொடியாக உதிர்ந்து விரலில் மஞ்சளாக ஒட்டியது. உதிர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் சிப்பியின் சில்லுகள், மெல்லிய குழல் போன்ற துணுக்குகள். கடல் உயிர்களின் ஓடும் எலும்பும் அடியில் படிந்து படிந்து, ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கல் அது. "ஏனுங்க, இதுவும் நம் மதுக்கரைக் கல்லும் ஒன்றுதானா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நம் கல்லில் உளி பட்டால் உளி திரும்பும். அதில் சிப்பியைத் தேடினாலும் கிடைக்காது. வெந்து இறுகிய கல் அது. இது இன்னும் வேகவே இல்லை." மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் இதைவிடப் பல மடங்கு பழையது, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கிப் படிகமாக மாறியது. புத்தகத்தில் படித்துப் பாடமாகச் சொன்னதை, அவர் கைப்பழக்கத்தில் சொன்னார். துண்டைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுத்து வரக்கூடாது.

இவ்வளவு மென்மையான கல்லின் மீது அந்தக் கடல் மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் அடுத்த சில மணி நேரத்தில் வரிசையாகப் பார்த்தோம். நான் கரும்பலகையில் வரைந்த படங்கள் அத்தனையும் இருபது கிலோமீட்டருக்குள் நிஜத்தில் நிற்கின்றன. ஒரு நாள் திட்டத்தில் போகிறவர்கள் இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். என் மனக்குறையெல்லாம் அதுதான்.

லாக் ஆர்ட் பள்ளத்தாக்குப் பக்கம் இடிக் குகை என்ற இடம் இருக்கிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையில் அலை வளைந்து வந்து இரு பக்கமும் மோதுகிறது. எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே நுழைந்து குடைகிறது. நீர் உள்ளே போய் அடைபட்ட காற்றை அமுக்கும்போது எழும் சத்தம் காலடியில் அதிர்கிறது. இது குகை. இரண்டு பக்கமும் குடைந்த குகைகள் நடுவில் சந்தித்தால் வளைவு. போர்ட் கேம்பெல்லுக்கு மேற்கே லண்டன் பாலம் என்று ஒன்று இருந்தது. கரையோடு ஒட்டி இரண்டு கண் வைத்த பாலம் மாதிரி நின்ற இயற்கை வளைவு. 1990 ஜனவரி 15 அன்று கரையை ஒட்டிய கண் இடிந்து விழுந்தது. அந்த நேரத்தில் இரண்டு பேர் நடந்து அந்தப் பக்கம் போயிருந்தார்கள். திரும்ப வழியில்லாமல் கடலுக்கு நடுவே நின்றவர்களை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. யாருக்கும் காயமில்லை. இப்போது ஒற்றை வளைவு மட்டும், லண்டன் வளைவு என்ற பெயரோடு, தனியாக நிற்கிறது. வீட்டுக்காரர் அதன் உச்சியையும் கால்களின் பருமனையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவின் கூரை விழுந்தால் மிச்சம் நிற்பது தூண். அதையும் இங்கே ஆண்டோடு சொல்லலாம். லாக் ஆர்ட் பள்ளத்தாக்கின் வாயருகே தீவு வளைவு என்ற பாறை 2009 ஜூனில் இடிந்து இரண்டு தூண்களாகிவிட்டது. அந்த இரண்டுக்கும் டாம், ஈவா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூணும் நிலைத்து நிற்காது. அடிப்பாகத்தை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வீதம் அலை தின்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2005 ஜூலை 3 அன்று அப்போஸ்தலர்களில் ஒன்று, ஐம்பது மீட்டர் உயரத் தூண், கண்ணெதிரே சரிந்து கற்குவியலாகிவிட்டது. காட்சி மேடையிலிருந்து அந்தக் குவியல் நீருக்கு மேலே தலைகாட்டுவதை ஓட்டுநர் காட்டினார். முந்தின நாள் மதியம் அதே மேடையில் நின்ற எங்கள் குழுவில் ஒருவருக்கும் அதை யாரும் காட்டவில்லை.

எண்ணிக்கையைப் பற்றிப் பலரும் ஏமாற்றப்பட்டதாகப் பேசினார்கள். பன்னிரண்டு என்ற பெயர், இயேசுவின் சீடர்களை வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பிற்காலத்தில் வந்தது. எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. முன்பு இந்தத் தூண்களையும் அருகிலுள்ள ஒரு தீவையும் சேர்த்துத் தாய்ப்பன்றியும் குட்டிகளும் என்று அழைத்திருக்கிறார்கள். எண்ண வேண்டும் என்றே நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில், ஐம்பது மீட்டர் ஆழத்தில், இதே போன்ற ஐந்து சுண்ணாம்புக்கல் தூண்கள் மூழ்கிக் கிடப்பதை மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து 2016-இல் அறிவித்தார்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்துக் கரை அங்கே இருந்திருக்கிறது. கடல் ஏறியபோது இடிந்து விழாமல் அவை எப்படித் தப்பின என்பதுதான் வியப்பு. விடுதி அறைக்குத் திரும்பி இதை நான் சொன்னபோது, காங்கேயத்துத் தம்பி தாளில் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு நான் நடத்திய வகுப்பு.

டாம், ஈவா பெயர்களுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்குப் பெயர் கொடுத்ததும் அதே கப்பல். இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்த லாக் ஆர்ட், 1878 ஜூன் 1 அதிகாலையில் மூடுபனிக்குள் இந்தக் கரையின் பாறைத் தீவில் மோதி உடைந்தது. கப்பலில் 54 பேர். பிழைத்தவர்கள் இருவர். டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமியும், ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண்ணும். டாம் கரையேறிய பிறகு அவளுடைய கூக்குரலைக் கேட்டு மறுபடியும் நீருக்குள் இறங்கி இழுத்து வந்தான். அவளைக் குகையில் விட்டுவிட்டு, பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவரில் ஏறி உதவி தேடிப் போனான். அவளுடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தக் கப்பலோடு போய்விட்டார்கள். நாங்கள் இறங்கி நின்ற மணல் அந்த மணல்தான். இரண்டு பக்கமும் மஞ்சள் சுவர்கள், நடுவே கடல் உள்ளே வரும் ஒடுங்கிய வாய். மேலே சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கப்பலில் வந்த ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்று பெட்டியோடு உடையாமல் கரை ஒதுங்கியது. அதை இன்றைக்கும் வார்னம்பூல் ஊரிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே போக எங்களுக்கு நேரம் அமையவில்லை. பல்லடத்து அம்மா கல்லறைகளின் முன் நின்று கைகூப்பினார். ஒரே வீட்டில் அத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டு அந்தப் பிள்ளை பிறகு எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டார். அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள் என்று ஓட்டுநர் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. வேன் புறப்படும் வரை அங்கேயே நின்றோம்.

மதியம் கொலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் மெல்போர்ன் திரும்பினோம். காட்டு வளைவுகள் இல்லாத நேர்ச் சாலை, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். மாடுகள் மேயும் புல்வெளிகள் வழிநெடுக. காங்கேயத்துத் தம்பி ஒவ்வொரு மந்தையையும் பார்த்து இனம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நிறுவனத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால்: சாப்பாடு, விடுதிகள், பெரியவர்களைக் கவனித்துக்கொள்ளும் விதம், இவை மூன்றிலும் நான் முழுத் திருப்தி. விமான நிலையங்களில் சக்கர நாற்காலி முன்கூட்டியே காத்திருந்தது. குழு மேலாளர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. குறை, இந்த ஒரு நாள் திட்டத்தில்தான். நேரப் பங்கீட்டை யார் போட்டார்களோ அவர்கள் அந்தக் கரையில் ஒரு மாலைகூட நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். சாக்லேட் கடையை விட்டுவிட்டு, போகும்போதே கொலாக் வழியாகப் போய், கிப்சன் படிகளுக்கும் லாக் ஆர்டுக்கும் நேரம் ஒதுக்கி, கடற்கரைச் சாலையைத் திரும்பும் வழியாக வைத்தால், ஒரே நாளிலும் ஓரளவு உருப்படியாகப் பார்க்கலாம். ஊருக்கு வந்ததும் அலுவலகத்துக்குப் போய் இதை எழுத்தில் கொடுத்தேன். அடுத்த குழுவிலிருந்து தங்கும் வசதியை விளம்பரத் தாளிலேயே சேர்ப்பதாகச் சொன்னார்கள். சேர்த்திருந்தால் மகிழ்ச்சி, சேர்க்காவிட்டாலும் நீங்கள் பணம் கட்டும் முன் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முட்டி வலிக்காரர்கள் தயங்க வேண்டாம். பெரிய காட்சி மேடைக்குப் போகும் பாதை சமதளம்தான், சக்கர நாற்காலி போகிறது. நுழைவுக் கட்டணமும் நாங்கள் போனபோது இல்லை. படிகள் உள்ள இடங்கள் கிப்சன் கடற்கரையும் லாக் ஆர்ட் மணலும் மட்டுமே. லாக் ஆர்டுக்கு மேலிருந்தும் பார்க்கலாம். லண்டன் வளைவு, இடிக் குகை இரண்டுக்கும் நடைபாதை இருக்கிறது. கோபியிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, கைத்தடியோடு வந்தவர். கிப்சன் படிகளுக்கு மட்டும் வேனில் இருந்துகொண்டார். மற்ற எல்லாவற்றையும் எங்களோடு நடந்தே பார்த்தார்.